தொட்டுப் பார்க்கும் கூடம்

நம் இல்லங்களில் குழந்தைகள் நாள்தோறும் மிகுதியாகக் கேட்கும் சொல் எதுவென எண்ணிப் பார்த்தால், ‘தொடாதே’ என்பதாகவே இருக்கும். தையல் இயந்திரத்தைத் தொடாதே, அப்பாவின் கடிகாரத்தைத் தொடாதே என்று காலை முதல் இரவு வரை அச்சொல்லே ஒலிக்கிறது. பொருட்காட்சிச் சாலைக்கு அழைத்துச் சென்றாலும் கண்ணாடிப் பேழைகளின் மேல் அதுவே எழுதப்பட்டிருக்கும். இதற்கு மாறாக, ‘தொடு, திருப்பு, இழுத்துப் பார்’ என்று குழந்தைகளை அழைக்கும் கூடங்களும் உண்டு. அவற்றுள் ஒன்றுக்குச் சென்ற கோடை விடுமுறையில் என் தங்கையின் குடும்பத்தாருடன் சென்றுவந்தேன். பெற்றோர்க்குப் பயன்படும் எனக் கருதி அதனைப் பற்றி இங்கு எழுதுகிறேன்.

சிறுவர்க்கென்றே அமைந்த முதல் அருங்காட்சியகம் 1899ஆம் ஆண்டு நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் திறக்கப்பட்டது. 1913இல் பாஸ்டன் நகரிலும் ஒன்று தோன்றியது. 1962இல் அதன் இயக்குநராகப் பொறுப்பேற்ற மைக்கேல் ஸ்பாக், பொருள்களைப் பேழைகளினின்று வெளியே எடுத்துக் குழந்தைகளின் கைகளிலேயே கொடுத்தார். குழந்தை வளர்ப்பு நூலால் உலகப் புகழ் பெற்ற மருத்துவர் பெஞ்சமின் ஸ்பாக்கின் மகன் இவர். ஆயினும் இளமையில் எழுத்துக் கூட்டிப் படிக்கப் பெரிதும் இடர்ப்பட்டவர் என்பது நாம் மனத்திற் கொள்ளவேண்டிய செய்தி. 1969இல் பிராங்க் ஓப்பன்ஹைமர் என்ற இயற்பியல் அறிஞர் சான்பிரான்சிஸ்கோவில் இத்தகைய பெரியதொரு கூடத்தை நிறுவினார்.

நம் நாடும் இதிற் பின்தங்கிவிடவில்லை. 1959 மே 2ஆம் நாள் கல்கத்தாவில் பிர்லா தொழில், தொழில்நுட்ப அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. பொறியியல் மேதை விசுவேசுவரய்யா நூறு அகவையைக் கடந்து 1962 ஏப்ரலில் மறைந்தார். அவர் பெயரால் பெங்களூரில் எழுந்த அருங்காட்சியகத்தின் கட்டடத்தை அவ்வாண்டு ஜூலையில் பிரதமர் நேரு திறந்துவைத்தார். 1965இல் மின்சாரம் பற்றிய கூடத்துடன் அது பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. கப்பன் பூங்காவை அடுத்த கஸ்தூர்பா சாலையில் உள்ள அந்த இடத்துக்கே நாங்கள் சென்றோம்.

என் தங்கையின் மூத்த மகனுக்குப் பத்து வயது. எழுத்து அவனுக்கு எளிதில் வசப்படவில்லை. பள்ளியிலிருந்து வந்த மதிப்பெண் அட்டை அவ்விடுமுறையின் மகிழ்ச்சியைக் குலைத்திருந்தது. கணக்கராகப் பணியாற்றும் அவன் தந்தை, “இவன் மண்டையில் எதுவும் ஏறாது” என்று பிறர் முன்னிலையிலேயே சொல்லும் அளவுக்கு மனம் சலித்திருந்தார். அவருடைய தாயாரும் எங்களுடன் வந்திருந்தார். எழுதப் படிக்க அறியாத, வயல்வேலையிலேயே வாழ்நாளைக் கழித்த மூதாட்டி.

1903 டிசம்பரில் ரைட் சகோதரர்கள் பறந்த விமானத்தின் முழு அளவு மாதிரி அங்கே உள்ளது. “ஓட்டுறவர் ஏன் குப்புறப் படுத்திருக்கார், சாமி மாமா?” என்று கேட்டான் சிறுவன். நிமிர்ந்து அமர்ந்தால் எதிர்க்காற்று உடலில் மோதி வேகத்தைக் குறைக்கும் என்றேன். மிதிவண்டியில் குனிந்து செல்வதைப் போலவா என்று உடனே கேட்டான். ஏதும் ஏறாத மண்டையிலிருந்து அக்கேள்வி எப்படிப் பிறக்கும்?

நெம்புகோல், பற்சக்கரம், கப்பி முதலிய எளிய பொறிகள் நிறைந்த கூடத்தில் அவன் நெடுநேரம் நின்றுவிட்டான். ஒரே எடையைத் தனிக் கப்பியாலும், பல கப்பிகளைச் சேர்த்தும் தூக்கிப் பார்க்கலாம். தந்தையோ வழக்கம்போல் விளக்கப் பலகையை உரக்கப் படிக்கத் தொடங்கினார். மூதாட்டி அவர் தோளைத் தொட்டு, “கொஞ்சம் சும்மா இருப்பா. புள்ள இழுத்துப் பாக்கட்டும்” என்றார்.

சிறுவன் இரண்டையும் மாறி மாறி இழுத்தான். பின்னர், “பாட்டி, இது லேசா இருக்கு. ஆனா கயிறுதான் நெறைய வருது” என்றான். “நம்ம கிணத்து ராட்டினத்துல அப்படி வராதே!” என்று மூதாட்டியும் வியப்புடன் கயிற்றைப் பற்றினார். அவர் கூறியது முற்றிலும் சரியே. கிணற்றிலுள்ள நிலைக் கப்பி, இழுக்கும் திசையை மட்டுமே மாற்றுகிறது. சுமையோடு சேர்ந்து நகரும் கப்பி ஒன்றைச் சேர்த்தால் இழுக்கும் விசை ஏறத்தாழப் பாதியாகும். கயிற்றையோ இருமடங்கு நீளம் இழுக்க நேரும்.

அதன்பின் சிறுவன் தந்தையிடம் திரும்பி, “நான் சொன்னதுதான் பலகையில எழுதியிருக்காப்பா?” என்று கேட்டான். அவர் ஆங்கிலப் பலகையை இம்முறை மெல்ல, தமக்குள்ளேயே படித்தார். “ஆமாம்ப்பா, நீ சொன்னதேதான்” என்றார். அன்று அதன்பின் அவர் எந்தப் பலகையையும் மகனுக்கு முந்திப் படிக்கவில்லை.

அந்த ஒரே நாளில் சிறுவனுக்கு வாசிப்பு வந்துவிட்டது என்று நான் கூறமாட்டேன். எழுத்துப் பயிற்சி அவனுக்கு இன்னும் தேவையே. எனினும் எழுத்தில் இடர்ப்படுவது வேறு, அறிவு மழுங்கியிருப்பது வேறு என்பதை அவன் தந்தை உணர்ந்துகொண்டார். வாசிப்பிடரை இனங்கண்டு உதவும் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் இன்று உள்ளனர். அத்தகைய ஒருவரை அவர் நாடியிருக்கிறார்.

பெற்றோரே, வாய்ப்புள்ளோர் குழந்தைகளை இத்தகைய இடங்களுக்கு அழைத்துச் செல்லுங்கள். சென்னை கோட்டூர்புரத்தில் பெரியார் அறிவியல் தொழில்நுட்ப மையம் இருக்கிறது. காலையிலேயே செல்லுங்கள். எல்லாவற்றையும் பார்த்துத் தீர்க்கவேண்டும் என்று விரையாதீர்கள். குழந்தை எங்கே நிற்க விரும்புகிறதோ அங்கே நீங்களும் நில்லுங்கள். திரும்பும் வழியில் தேர்வு வைக்காதீர்கள். பயணம் இயலாதோர் வருந்தவேண்டியதில்லை. கிணற்று ராட்டினமும், தராசும், தலைகீழாய் நிறுத்திய மிதிவண்டியின் சங்கிலியும் நம்மிடமே உள்ளன. தீங்கு நேராதவாறு அருகில் இருந்துகொண்டு, அவற்றைக் குழந்தையின் கையில் கொடுங்கள். விடையை அது கண்டு சொல்லும்வரை சற்றுப் பொறுத்திருங்கள்.