போகலூசா: மர ஆலை கட்டிய ஊர்

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில், பேர்ல் ஆற்றின் அருகே இருக்கிறது போகலூசா. அங்குள்ள ஓடையின் பெயர்தான் ஊருக்கும். சாக்டா பழங்குடி மக்களின் மொழியில் அதற்குக் 'கருந்தண்ணீர்' என்று பொருள்.

இந்த ஊரே ஒரு மர ஆலைக்காக உருவானது. சுற்றிலும் நீண்ட ஊசியிலைப் பைன் காடுகள். வடக்கே பஃபலோ நகரிலிருந்து வந்த குட்இயர் குடும்பத்தார் 'கிரேட் சதர்ன் லம்பர்' என்ற கம்பெனியைத் தொடங்கினார்கள். 1908-ல் ஓடத் தொடங்கிய ஆலை, ஒரு நாளில் சுமார் 83,000 கன அடி மரம் அறுக்கும் திறன் கொண்டது. அன்றைக்கு உலகிலேயே பெரிய மர ஆலை என்று பெயர் பெற்றது.

வெட்டிய வேகத்தில் காடு தீர்ந்துவிடும் என்பது சில ஆண்டுகளிலேயே தெரிந்தது. 1920 வாக்கில் கம்பெனி நாற்றங்கால் போட்டுப் பைன் கன்றுகளை நடத் தொடங்கியது. அங்கே பெரிய தொல்லை, அவிழ்த்துவிட்டு மேயும் பன்றிகள். இந்தப் பைன் கன்றின் சதைப்பற்றான வேர் பன்றிகளுக்கு மிகவும் பிடிக்கும், தோண்டித் தின்றுவிடும். வேலி போட்ட பிறகே கன்றுகள் தப்பின. ஆனால் நட்ட மரம் வளரும்வரை பழைய காடு தாங்கவில்லை. 1938-ல் மர ஆலை மூடப்பட்டது. காகித ஆலைதான் ஊரைக் காப்பாற்றியது.

உழைத்தவர்களின் கதை வேறு. 1919 நவம்பரில் சால் டேகஸ் என்ற கறுப்பினத் தொழிற்சங்கத் தலைவரைப் பிடிக்கக் கம்பெனிக்கு ஆதரவான ஆயுதக் கூட்டம் கிளம்பியது. வெள்ளைத் தொழிலாளர்கள் அவருக்குத் துணை நின்றார்கள். அவர்களில் நான்கு பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், டேகஸ் தப்பிவிட்டார்.

காகித ஆலையிலும் கறுப்பினத்தவருக்குக் குறைந்த கூலி வேலைகளே கிடைத்தன. மேல் வேலைக்கு மாறினால், அதுவரை உழைத்த ஆண்டுகள் கணக்கில் வராது. புதிதாகச் சேர்ந்தவரைப் போல வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். பிறகு யார் மாறுவார்கள்? ஆலையில் உழைத்த மொத்த ஆண்டுகளையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. 1969-ல் மேல்முறையீட்டிலும் அந்தத் தீர்ப்பு நின்றது.

அந்த ஆலைத் தொழிலாளி ராபர்ட் ஹிக்ஸின் வீடு இன்றும் இருக்கிறது. 1965 பிப்ரவரியில், உரிமைப் போராட்டத்துக்கு உதவ வந்த இரண்டு வெள்ளை இளைஞர்கள் அங்கே தங்கியிருந்தார்கள். "அவர்களை அனுப்பிவிடு, கூட்டம் வருகிறது" என்று போலீசே எச்சரித்தது. ஹிக்ஸ் அனுப்பவில்லை. அவர் மனைவி அக்கம்பக்கத்தாருக்குத் தொலைபேசியில் சொன்னார். அவர்கள் துப்பாக்கியோடு வந்து காவல் நின்றார்கள். அந்த மாதமே 'தற்காப்புக்கும் நீதிக்குமான டீக்கன்கள்' அமைப்பின் கிளை அங்கே உருவானது. ஜூலையில், ஊர்வலம் போகிறவர்களைப் போலீஸ் பாதுகாக்க வேண்டும் என்று நீதிமன்ற உத்தரவும் வந்தது. அந்த வழக்கைப் போட்டவர்களில் ஹிக்ஸும் ஒருவர்.

2010-ல் அவர் காலமானார். தெருவுக்கு இப்போது அவர் பெயர். வீட்டின் முன் வரலாற்றுப் பலகை நிற்கிறது. தேசிய வரலாற்று இடங்கள் பட்டியலிலும் வீடு இருக்கிறது. உலகப் புகழ் பெற்ற அந்த மர ஆலை இன்று இல்லை. கூலிக்காரர் ஒருவரின் சாதாரண மரவீடுதான் பார்க்க வேண்டிய இடமாகியிருக்கிறது.