நான் மறைத்த கணக்கு

திருவிடைமருதூரில் மேல்நிலை வகுப்புகளுக்கு அரசியல் அறிவியல் நடத்தியவன் நான். நீதிபதி வி. ராமசாமி பதவிநீக்க விவாதத்தைத் தப்பான கணக்கோடு பல வருஷம் சொல்லிக்கொடுத்தேன். தப்பை எடுத்துக் காட்டிய மாணவியின் வாயை அடைத்தேன். முதலாவது அறியாமை. இரண்டாவதற்கு என்னிடம் சாக்கு எதுவும் இல்லை.

பதவிநீக்கப் பாடத்துக்கு உண்மையான விவாதம் ஒன்று வேண்டியிருந்தது. குடியரசுத் தலைவரைப் பதவிநீக்கும் அரசியலமைப்பின் 61ஆம் பிரிவு இந்தியாவில் இதுவரை பயன்படுத்தப்பட்டதே இல்லை. பிள்ளைகளுக்குக் காட்ட விவாதம் கிடையாது. இலங்கையில் 1991இல் ஜனாதிபதி பிரேமதாசாவுக்கு எதிராக லலித் அத்துலத்முதலி, காமினி திசாநாயக்க அணியினர் தீர்மானம் கொண்டுவந்தார்கள். செல்லத்தக்க கையொப்பம் போதவில்லை என்று சபாநாயகர் எம்.எச். முகமது தள்ளிவிட்டார். அங்கேயும் படிக்க ஒன்றும் தேறவில்லை. அதனால்தான் 1993 மே 10, 11 தேதிகளில் நம் மக்களவையில் நடந்ததை எடுத்துக்கொண்டேன். ராமசாமி சென்னை உயர்நீதிமன்றத்தில் இருந்தவர் என்றால் பிள்ளைகளும் நிமிர்ந்து உட்காருவார்கள்.

பஞ்சாப், ஹரியானா உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதியாக இருந்தபோது சண்டிகர் அரசு வீட்டுக்குக் கம்பளம், மேசை நாற்காலி என்று பொதுப்பணத்தை வாரி இறைத்தார் என்பது புகார். நீதிபதி சாவந்த் குழு 14 குற்றச்சாட்டுகளில் 11 நிரூபணமானதாகச் சொன்னது. சோம்நாத் சட்டர்ஜி தீர்மானத்தைக் கொண்டுவந்தார். ராமசாமிக்காகக் கபில் சிபல் அவையின் முன் நின்று மணிக்கணக்கில் வாதாடினார். ஆதரவு 196, எதிர்ப்பு பூஜ்யம். காங்கிரசும் தோழமைக் கட்சியினருமாக 205 பேர் அவையில் இருந்துகொண்டே வாக்களிக்கவில்லை. தீர்மானம் தோற்றது.

ஏன் தோற்றது? “மூன்றில் இரண்டு பங்கு கிடைக்கலை” என்று கரும்பலகையில் எழுதிப்போடுவேன். அடுத்து ஒரு நகைச்சுவை தயாராக இருக்கும். பிரம்மஹத்தி பிடித்த வரகுண பாண்டியன் மகாலிங்கசாமி கோயிலில் கிழக்கு வாசலில் நுழைந்து, அது அங்கேயே காத்துக் கிடக்க, மேற்கு வாசலில் போய்விட்டானே, ராமசாமியும் அப்படித்தான் என்பேன். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு இது ஒன்று போதும். வகுப்பு சிரிக்கும், நானும் அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன்.

திருபுவனத்து நெசவாளர் வீட்டுப் பெண் ஒருத்தி அன்றைக்குச் சிரிக்கவில்லை. எழுந்து நின்றாள். “சார், நீதிபதியை நீக்குற 124(4)ல ரெண்டு நிபந்தனை போட்டிருக்கு. வந்து ஓட்டுப் போட்டவங்கள்ல மூணுல ரெண்டு பங்கு. அது 196க்கு 196, முழுசா கெடைச்சிருக்கு சார். மொத்த உறுப்பினர்ல பாதிக்கு மேல வேணுங்கறதுதான் கெடைக்கலை. 545ன்னா 273 வேணும்ல?”

61ஆம் பிரிவில் இருப்பது மொத்த உறுப்பினரில் மூன்றில் இரண்டு பங்கு. குடியரசுத் தலைவருக்கு உரியதை நீதிபதி தலையில் நான் கட்டியிருக்கிறேன் என்பது அவள் பேசி முடிப்பதற்குள்ளேயே எனக்குப் புரிந்துவிட்டது. “எல்லாம் ஒண்ணுதாம்மா, பரீட்சைக்கு இவ்வளவு போதும், உக்காரு” என்றேன். பின்வரிசையில் யாரோ கிளுக்கென்று சிரித்தான். அவனையும் நான் கண்டிக்கவில்லை.

எல்லாம் ஒன்று இல்லை. அந்த விவாதத்தைப் படிக்கும் முறையே அவள் சொன்ன கணக்கில்தான் இருக்கிறது. ஓட்டுப் போட்டவர்களை மட்டும் எண்ணுவதானால் அந்த 205 பேரில் பலர் எதிர்த்து வாக்களித்தாக வேண்டும். ராமசாமியைக் காப்பாற்றியவர் என்று பெயரோடு பதிவாகும். மொத்த எண்ணிக்கையில் பாதி வேண்டும் என்பதால் சும்மா இருந்தாலே போதுமானது. அப்படிப் பார்த்தால் சட்டர்ஜி ஒவ்வொருவரையும் எழுந்து வந்து ஆதரிக்கச் செய்ய வேண்டியிருந்தது. சிபலுக்கோ ஒருவரையும் எதிர்க்கச் செய்ய வேண்டிய தேவை இல்லை, சந்தேகத்தை விதைத்தால் முடிந்தது. இது தெரியாமல் அந்த உரைகளை எடுத்துவைத்துக்கொண்டு, பட்டிமன்ற நடுவர் மாதிரி யார் நன்றாகப் பேசினார் என்று மதிப்பெண் போடச் சொல்லியிருக்கிறேன். பாண்டியன் கதைகூடப் பொருந்தவில்லை. அவனாவது இன்னொரு வாசல் தேடிப் போனான். இவர்கள் இருக்கையை விட்டே எழுந்திருக்கவில்லை.

அடுத்த வருஷம் சரியான கணக்கைச் சொல்லிக்கொடுத்தேன், ஆரம்பத்திலிருந்தே எனக்குத் தெரியும் என்கிற தோரணையில். அவள் இருந்த வகுப்பிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்றைக்குப் பிறகு அவள் என் வகுப்பில் கேள்வி கேட்டதில்லை. அதைக்கூட, பெண் அடக்கமாக மாறிவிட்டாள் என்று பெற்றோர் கூட்டத்தில் அவள் அப்பாவிடம் பாராட்டாகச் சொன்னேன். நினைத்தால் இன்றும் கூசுகிறது.

இப்போது அவள் கும்பகோணம் நீதிமன்றத்தில் வக்கீல். பேருந்து நிறுத்தத்தில் பார்த்தால், “சார், நல்லாருக்கீங்களா?” என்று அவளே வந்து பேசுவாள். வழக்கெல்லாம் எப்படிப் போகிறதம்மா என்று கேட்பேன். இதை மட்டும் இன்னும் சொல்லவில்லை.