புயோலின் முழங்கால்

1/ பார்சிலோனா ரசிகர்களுக்கு கார்லஸ் புயோலைப் பத்திச் சொல்லவே வேண்டாம். மத்தவங்களுக்கு: ஸ்பெயின் தடுப்பாட்டக்காரர். ஒரே கிளப், 15 சீசன், 593 ஆட்டம். 2010 உலகக் கோப்பை அரையிறுதியில், தன்னைவிட உயரமான ஜெர்மன்காரங்க நடுவுல எகிறி, தலையால முட்டி கோல் போட்டவர். 73வது நிமிடம். 1-0.

2/ கடைசியில் அவரை நிறுத்தினது எதிரணி இல்லை, முழங்கால். அடுத்தடுத்து அறுவை சிகிச்சை. 2014-ல், ஒப்பந்தம் 2 வருஷம் பாக்கி இருக்கும்போதே, பழைய தரத்துக்கு வரமுடியலைன்னு விலகிட்டார். வயசு 36.

3/ பொதுவா மூட்டுக் குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய் கிடையாது. தேய்ஞ்சா பழையபடி வளராது. வலி மாத்திரை வலியைத்தான் அடக்கும், தேய்மானத்தை இல்லை. மாத்திரை போட்டுட்டு கிரவுண்டுக்குப் போறீங்களா? முழங்கால் வீங்கியிருந்தா இன்னைக்கு ஆடாதீங்க. எலும்பு டாக்டரைப் பாருங்க.