ஒன்லி

அண்ணாகிராமத்திலிருந்து வேலை தேடிப் புறப்பட்டவர்கள் நாங்கள், தமிழ்வழியில் படித்தவர்கள். ஒரு நேர்முகத் தேர்வில் எங்களுள் ஒருவனிடம் ஊர் எதுவென்று கேட்டார்கள். "ஐ ஆம் ஃப்ரம் அண்ணாகிராமம் ஒன்லி" என்றான். "அங்கிருந்து மட்டுமா? வேறெங்கிருந்தும் இல்லையா?" என்று கேட்டு, மேசைக்கு அப்பால் இருந்தவர்கள் சிரித்தார்கள். திரும்பும் பேருந்தில் பண்ருட்டி வரும்வரை நாங்கள் யாரும் பேசவில்லை. அதன்பின் நெடுநாள் ஆங்கிலத்தில் வாய் திறக்கவே அஞ்சினோம்.

பல ஆண்டுகள் கழித்துத் தொல்காப்பிய இடையியலைப் படிக்கையில்தான் அந்தச் சிரிப்புக்கு விடை கிடைத்தது. தேற்றம், வினா, பிரிநிலை, எண், ஈற்றசை என ஏகாரத்திற்கு ஐந்து பொருள் வகுக்கிறது அந்நூல். இவற்றுள் தேற்றத்தையும் பிரிநிலையையும் இன்றைய பேச்சில் 'தான்' என்ற ஒரே சொல் சுமக்கிறது. 'அவன்தான் வந்தான்' என்கையில் பிறரை விலக்குகிறோம். 'எங்கள் ஊர் அண்ணாகிராமம்தான்' என்கையில் எவரையும் விலக்கவில்லை, உறுதி சொல்கிறோம். ஆங்கிலேயரின் 'ஒன்லி' பிரிநிலைக்கு உரியது. நண்பன் அதன்மேல் தேற்றத்தையும் ஏற்றிவிட்டான். இந்தி பேசுவோரும் தங்கள் 'ஹீ' என்னும் இடைச்சொல்லை இவ்வாறே 'ஒன்லி' ஆக்குகின்றனர்.

ஆங்கிலேயருக்கும் இச்சொல் எளிதில் வசப்படவில்லை. வாக்கியத்தில் அது எங்கே நிற்கவேண்டும் என்று அவர்களே வாதிட்டு வந்தனர். பொருள் மயங்காதவிடத்துப் பேச்சுவழக்கின் இடத்தைக் குற்றமெனத் திருத்துவோரை, 1926இல் வெளிவந்த தம் நூலில் ஃபௌலர் கண்டித்தார்.

பிரிநிலையின் அருமையை நாம் அறியாதவர்களும் அல்லர். காசோலையில் தொகையை எழுதி முடித்து 'ஒன்லி' என்கிறோம்; அதற்குமேல் ஒரு பைசாவும் இல்லை என்று வேலி போடுகிறோம். ஊரைச் சொல்லும்போது அந்த வேலி தேவைப்படுவதில்லை.

1690இல் மராட்டியரிடமிருந்து தேவனாம்பட்டினத்துக் கோட்டையை ஆங்கிலேயர் வாங்கினர். அவர்கள் மொழி எங்கள் மாவட்டத்துக் கரைக்கு வந்து முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாகிறது. இத்தனை காலம் பழகிய சொல்லில் எங்கள் மண் கொஞ்சம் ஒட்டியிருப்பதில் வியப்பென்ன?

அந்த நண்பன் இப்போது தன் மகளுக்கு ஆங்கிலம் சொல்லித்தருகிறான். காசோலை 'ஒன்லி' வேறு, ஊர் 'ஒன்லி' வேறு என்று விளக்கி, தேர்வில் எழுத வேண்டியது முன்னதே என்கிறான். பின்னதை அவள் சொன்னால் அவன் சிரிப்பதில்லை. காரணத்தைச் சொல்கிறான். அன்று எங்களுக்குக் கிடைக்காதது அதுதான்.