நாருக்கும் ஒரு கணக்கு உண்டு

நாட்டுத் துப்பாக்கி என்றதும் மருந்தையும் ரவையையும்தான் நாம் நினைக்கிறோம். அதோடு வளர்ந்தவர்கள் முதலில் பேசுவது தேங்காய் நாரைப் பற்றி. திண்டிவனத்தை ஒட்டிய நரிக்குறவர் குடியிருப்பு ஒன்றில் வேப்பமர நிழலில் உட்கார்ந்திருந்த முதியவர் என்னிடம் சொன்ன முதல் வார்த்தையே அதுதான். “மருந்து யாரு வேணா கொட்டலாம் சாமி. நாரு வைக்கத் தெரியணும்.”

அவரிடம் இருப்பது உரிமம் பெற்ற ஒற்றைக் குழல் துப்பாக்கி. குழலின் வாய் வழியாகவே எல்லாவற்றையும் போட்டு நிரப்ப வேண்டிய பழைய வகை. மருந்து இல்லாமல், வெறும் குழலில் செய்து காட்டினால் போதும் என்று கேட்டுக்கொண்டேன். அவருக்கும் அதுதான் விருப்பமாக இருந்தது. பிள்ளைகள் ஓடியாடும் இடத்தில் மருந்துப் பொட்டலத்தைப் பிரிப்பதில்லை என்றார்.

முதலில் இரும்புக் கம்பியைக் குழலுக்குள் இறக்கினார். கம்பி அடிவரை போய் முட்டியது. அதன் மேல்முனைக்குச் சற்றுக் கீழே அரத்தால் கீறிய ஒரு கோடு குழல் வாய்க்குச் சரியாக நின்றது. உள்ளே ஏதாவது இருந்தால் அந்தக் கோடு வாய்க்கு மேலே நிற்கும். துப்பாக்கி காலியா, நிரம்பியதா என்பதைக் கண்ணால் பார்க்க வழியில்லாத ஆயுதத்தில் இந்த ஒரு கீறல்தான் உயிர்க்காவல். கையில் எடுத்தவுடன் கம்பியை விட்டுப் பார்க்காதவனை அவர்கள் வேட்டைக்கு அழைத்துப் போனதில்லை.

பிறகு நார். காய்ந்த மட்டையிலிருந்து உரித்து, கல்லில் வைத்துத் தட்டி, சோற்றியை உதறி, மெல்லிய இழைகளை மட்டும் எடுத்தார். உள்ளங்கையில் உருட்ட உருட்ட அது குருவிக்கூடு போல் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டது. குழல் வாயை விடக் கொஞ்சம் பெரிய உருண்டை. விரலால் அழுத்தினால் மட்டுமே உள்ளே போகும் அளவு. இதைக் கம்பியால் அடிவரை தள்ளி, இரண்டு மூன்று முறை இடித்தார். மருந்து இருந்திருந்தால் அதன் தலையில் இந்த உருண்டை இடைவெளி இல்லாமல் உட்கார்ந்திருக்கும். அதற்கு மேல் ஈய ரவை. ரவைக்கு மேல் இன்னொரு உருண்டை, முதலாவதை விட லேசானது. குழலைக் கீழ்நோக்கிப் பிடித்து நடக்கும்போது ரவை உருண்டு விழாமல் தாங்குவது மட்டுமே அதன் வேலை.

கீழே வைக்கும் உருண்டையின் வேலை அதை விடப் பெரிது. கருமருந்து எரியும்போது எழும் வாயு ரவையைத் தள்ள வேண்டும், ரவைகளின் சந்து வழியாக ஓடிவிடக் கூடாது. நார் தளர்வாக இருந்தால் வாயு முந்திக்கொண்டு ரவைக் கூட்டத்தைச் சிதறடிக்கும். சத்தம் பெரிதாக இருக்கும், ரவை மட்டும் சக்தியில்லாமல் விழும். அளவுக்கு மீறித் திணித்தால் குழலுக்குள் அழுத்தம் ஏறும். எல்லாவற்றையும் விட ஆபத்தானது இடைவெளி. மருந்துக்கும் அதன் மேல் சுமைக்கும் நடுவே காலி இடம் இருந்தால், அந்த இடத்தில் குழல் புடைக்கலாம், வெடிக்கவும் செய்யலாம். ஓட்டத்தில் அரைகுறையாக இடித்துச் சுட்ட ஒருவரின் குழல் கிழிந்ததை இளவயதில் பார்த்திருக்கிறார் இந்த முதியவர். அதைச் சொல்லும்போது இடது கையை மடக்கிக் காட்டினார். அதற்கு மேல் விளக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

ஏன் தேங்காய் நார்? கந்தல் துணி வைக்கலாமே என்றேன். பருத்தித் துணியும் காகிதமும் சுட்ட பிறகு கனன்றபடியே போய் விழும், அறுவடை முடிந்த காட்டில் தீப்பிடிக்கும். இப்போதைய செயற்கை இழைத் துணி உருகிக் குழலில் ஒட்டும். நாரிலும் பொறி தங்கும்தான், ஆனால் அது சிதறி விழுவதால் பயம் குறைவு என்பது அவர் அனுபவம். ஒரே நிபந்தனை, நார் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். ஈர நார் மருந்தையும் ஈரமாக்கிவிடும். விழுப்புரம் மாவட்டத்தின் ஐப்பசி, கார்த்திகை மழையில் இது சின்ன விஷயம் இல்லை.

இந்தக் கணக்கு உலகத்துக்கே பொதுவானது. 1760 ஜனவரியில், திண்டிவனத்துக்குப் பக்கத்து ஊரான வந்தவாசியில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதியபோது இரு தரப்புச் சிப்பாய்களும் காகிதப் பொட்டலத்தைக் கிழித்து, மருந்தைக் குழலில் கொட்டி, குண்டோடு சேர்த்து இடித்துத்தான் சுட்டார்கள். 1884இல் பிரான்சில் பால் வியேய் புகையில்லா மருந்தைக் கண்டுபிடித்த பிறகு ஆயுதங்கள் மாறின, அடைப்பின் தேவை மறையவில்லை. வார்த்த ஈயக் குண்டுகளை வைத்துத் தாங்களே தோட்டா நிரப்பிக்கொள்ளும் அமெரிக்க இலக்குச் சுடுநர்களுக்கும் இதே கவலைதான். ஈயம் மென்மையானது என்பதால் மருந்தைக் குறைவாகப் போடுகிறார்கள். கருமருந்துக் காலத்துப் பெரிய பித்தளைக் கூட்டில் அது ஒரு மூலையில் கிடக்கும். தோட்டாவைச் சாய்த்தால் மருந்து இடம் மாறி, ஒவ்வொரு வெடியும் ஒவ்வொரு விதமாகிறது. அதைக் கூட்டின் அடியில் நிறுத்தி வைக்க டாக்ரான் என்ற செயற்கைப் பஞ்சையோ இலவம் பஞ்சையோ மேலே வைக்கிறார்கள். நம் தலையணைக்குள் இருக்கும் அதே இலவம் பஞ்சு. தவறாக வைத்தால் துப்பாக்கியின் அறையில் வளையமாகப் புடைப்பு விழும் என்று அவர்களிலேயே ஒரு சாரார் அதை எதிர்க்கிறார்கள். முதியவரிடம் இதைச் சொன்னபோது வியக்கவில்லை. “மேல ஆடிச்சுன்னா மருந்து ஒழுங்கா பேசாது சாமி” என்றார். ஆனால் அந்தப் புகையில்லா மருந்தை நாட்டுக் குழலில் போடுவது தற்கொலை. அந்தக் குழல் அந்த அழுத்தத்துக்குச் செய்யப்பட்டதல்ல.

இந்தக் கலையை எதற்காகப் பயன்படுத்தினார்கள் என்பதைப் பேசாமல் விட முடியாது. கொக்கு, காடை, கௌதாரி, முயல். திண்டிவனத்துக்குக் கிழக்கே மரக்காணம், வானூர் பக்கமாகப் பரந்து கிடக்கும் கழுவேலி நீர்நிலைக்கு வலசைப் பறவைகள் வருகின்றன. 1972இன் வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைக் குற்றமாக்கியது. கழுவேலி 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது, 2024இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. அது சரியான முடிவு. அந்தப் பறவைகள் நமக்கு வேண்டும். ஆனால் வேட்டையை நிறுத்தச் சொன்ன நாம், அதை நம்பியிருந்தவர்களுக்கு மாற்றாக எதையும் கையில் கொடுக்கவில்லை. ஊசியும் பாசிமணியும் விற்றுப் பெண்கள்தான் குடும்பங்களைத் தாங்கினார்கள், இன்றும் தாங்குகிறார்கள். விழுப்புரம் பேருந்து நிலையத்தில் அவர்களைப் பார்க்காதவர் இருக்க முடியாது.

1965இலேயே லோகூர் குழு நரிக்குறவரைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கப் பரிந்துரைத்தது. அதற்கான திருத்தம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது 2022 டிசம்பரில். இரண்டு தலைமுறை காத்திருப்பு. விழுப்புரத்தில் நான் சந்தித்த இளைஞர் ஒருவர் தங்கையின் கல்லூரிச் சேர்க்கைக்காகச் சாதிச் சான்றிதழோடு நின்றார். தாத்தாவின் துப்பாக்கி பற்றிக் கேட்டேன். தேர்தல் வந்தால் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும், திரும்ப வாங்க அலைய வேண்டும், அதுதான் அவருக்கு நினைவில் இருந்தது. நார் உருட்டத் தெரியுமா என்றதற்குச் சிரித்தார். தெரிய வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. அவர் படிக்கட்டும்.

ஆனால் நரிக்குறவ முதியவர்களின் வேட்டை அறிவுக்கு இன்றும் தேவை இருக்கிறது. விழுப்புரம் மாவட்டத்து மணிலாக் காடுகளில் காட்டுப்பன்றித் தொல்லை பற்றி விவசாயிகள் பேசாத நாள் இல்லை. காப்புக் காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளை வனத்துறையே சுடலாம் என்று 2025 ஜனவரியில் அரசு முடிவெடுத்தது. சுடுவது துறையின் பொறுப்பாகவே இருக்கட்டும். ஆனால் தடம் பார்க்கவும், பன்றி எந்த வரப்பு வழியாக வரும் என்று சொல்லவும் இந்த முதியவர்களைக் கூலி கொடுத்து அழைக்கலாம். அந்த அறிவு அவர்களிடம் இருக்கிறது.

எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் ஆயுதங்களுக்குத் தனிக் கூடம் உண்டு. குழலைக் கண்ணாடிக்குள் வைத்துவிடலாம். எந்த நார், எவ்வளவு தட்ட வேண்டும், விரலுக்கு எந்த இறுக்கம் தட்டுப்பட வேண்டும் என்பதைக் கண்ணாடிக்குள் வைக்க முடியாது. அது பேச்சாகவும் கை அசைவாகவும்தான் இருக்கிறது, அதுவும் நரிக்குறவரின் வாக்ரிபோலியில், எழுத்தில்லாத ஒரு மொழியில். சென்னைப் பல்கலைக்கழக மானிடவியல் துறையும் அருங்காட்சியகமும் ஒரு ஒளிப்பதிவுக் கருவியோடு திண்டிவனத்துக்கு வர வேண்டும், அந்த மொழி தெரிந்த ஒரு நரிக்குறவ மாணவரையே கூட அழைத்துக்கொண்டு. இதைச் செய்து காட்டக்கூடியவர்கள் எல்லோரும் வயதானவர்கள். இந்த ஆண்டே வாருங்கள்.