காட்டச் சொன்ன நால்வர்

பாராடாங்கில் யாருக்கும் நேரம் இருப்பதில்லை. ஜாரவா காட்டு வழியே கான்வாயில் வந்து, மிடில் ஸ்ட்ரெய்ட்டில் ஃபெர்ரி ஏறி, சுண்ணாம்புக் குகையைப் பார்த்துவிட்டு, திரும்பும் கான்வாயைப் பிடித்தாக வேண்டும். அந்த ஓட்டத்திலும் ஜெட்டியில் ஒரு தமிழ் டிரைவர் என் கையிலிருந்த வேதாகமத்தைப் பார்த்துக் கேட்டார்: "அண்ணே, கும்பிடுறீங்க, சரி. சாமிய யாராவது கண்ணால பாத்திருக்காங்களா?" கேட்டபடியே வண்டியைக் கிளப்பினார்.

முன்பு இதே கேள்வியைக் கேட்டவர்களின் இனத்தவர் இந்தத் தீவிலேயே இருக்கிறார்கள். 1918 முதல் காட்டு வேலைக்காகச் சோட்டா நாக்பூரிலிருந்து அந்தமானுக்குக் கொண்டுவரப்பட்ட உராவ், முண்டா, கரியா மக்களை இங்கே 'ராஞ்சிக்காரர்கள்' என்பார்கள். அவர்களில் பலர் கிறிஸ்தவர்கள்.

1845இல் பெர்லினிலிருந்து யோகான்னஸ் கோஸ்னர் அனுப்பிய ஜெர்மானிய மிஷனரிகள் நான்கு பேர் சோட்டா நாக்பூரின் ராஞ்சிக்கு வந்தார்கள். ஐந்து வருடம் உழைத்தும் உராவ் மக்களில் ஒருவர்கூடச் சேரவில்லை. 1850இல் உராவ்கள் நால்வர், கபீர் வழியில் பழகியவர்கள், தாங்களாகவே வந்தார்கள். மாலை ஜெபத்தில் உட்கார்ந்தார்கள், பிடித்திருந்தது. பிறகு, இயேசுவைக் காட்டுங்கள் என்றார்கள். மிஷனரிகள் பொறுமையாக விளக்கினார்கள். விளக்கம் எடுபடவில்லை. நால்வரும் கோபமாகத் திட்டிவிட்டுப் போனார்கள். ஒரு வாரம் கழித்துத் திரும்பி வந்து, வெள்ளைக்காரர்களின் ஆராதனையைப் பார்க்க வேண்டும் என்றார்கள். எவ்வளவு சரியான சந்தேகம்! நமக்கு மறைப்பதை அவர்களுக்குக் காட்டுகிறார்களோ? மிஷனரிகள் அனுமதித்தார்கள். அங்கும் கண்ணுக்குத் தெரியாத இயேசுவையே கும்பிடுவதைக் கண்ட பிறகுதான் அவர்கள் மனம் ஆறியது. அந்த ஜூனிலேயே ஞானஸ்நானம் பெற்றார்கள்.

திட்டிவிட்டுப் போனவர்களுக்கு மறுபடி கதவைத் திறந்தார்களே, அதற்காகவே அந்த ஜெர்மானியர்கள் மேல் எனக்கு அன்பு. அவசரத்தில் இருப்பவர் கையில் துண்டுப் பிரசுரத்தைத் திணிப்பது எனக்கு உவப்பில்லை. கேட்டவர் புத்திசாலி, தானே வந்து பார்த்துத் தீர்மானிக்கும் உரிமை அவருக்கு உண்டு.

அந்த டிரைவரை மறுபடி சந்தித்தபோது இவ்வளவுதான் சொன்னேன்: "ராத்திரி இங்கேயே தங்குற மாதிரி ஒரு ஞாயிற்றுக்கிழமை சவாரி வந்தா சொல்லுங்க தம்பி. ராஞ்சிக்காரங்க கோயிலுக்குப் போவோம். பின்வரிசையில உட்காருங்க, என்ன தோணுதோ கேளுங்க. பிடிக்கலேன்னா பாதியிலே எழுந்து போயிடலாம்."