பூஜ்யம் காட்டிய மீட்டர்

மெக்கானிக்கல் பிரிவு நண்பன் லேத்தில் நின்றால் ஒரு போல்ட்டாவது கையில் கிடைக்கும். சிவில்காரன் சுவர் எழுப்புவான். எங்களைப் பார்த்துத்தான் எல்லோரும், "இன்ஸ்ட்ருமென்டேஷன்னா என்னடா பண்ணுவீங்க?" என்று கேட்கிறார்கள். சேர்ந்த அன்று அப்பாவும் அதையேதான் கேட்டார். "மீட்டர் பார்க்கிற படிப்புப்பா" என்றேன். "கரண்ட் ஆபீஸ் வேலையா? நல்லதுதான்" என்று சந்தோஷப்பட்டார். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியதே நான்தான். திருத்திச் சொல்ல ஆள் கிடையாது. எனக்கும் அதற்கு மேல் தெரியாது.

தெரிந்தது நான்காம் பருவத்தில், அதுவும் மானம் போய்.

ஸ்ட்ரெயின் கேஜ் சோதனை. ஒரு முனை இறுக்கிய இரும்புப் பட்டை; மேலே ஒரு கேஜ், அடியில் ஒரு கேஜ். மறுமுனையில் எடையைத் தொங்கவிட்டால் மேல் கேஜ் நீளும், கீழ் கேஜ் சுருங்கும். எல்லாம் இம்மியளவுதான். 120 ஓம் கேஜில், கேஜ் ஃபேக்டர் 2 என்றால், 500 மைக்ரோ ஸ்ட்ரெயினுக்குக் கிடைக்கும் மாற்றம் 0.12 ஓம். அதைப் பிடிக்கத்தான் வீட்ஸ்டன் பிரிட்ஜ். நான் எடைக்கு மேல் எடை போட்டேன். மீட்டர் பூஜ்யத்தை விட்டு அசையவில்லை. மணி நாலு, பஸ் போய்விடும். சீனியரின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எட்டு ரீடிங் எழுதி, கிராஃபில் நேர்கோடும் போட்டு நீட்டினேன். (நீங்கள் யாரும் செய்யாததல்ல, நண்பர்களே!)

சார் நோட்டைப் பார்க்கவில்லை. வயரிங்கைப் பார்த்தார். "தம்பி, ரெண்டு கேஜையும் பிரிட்ஜுல எதிரெதிர் கையில கொடுத்திருக்க. ஒண்ணு கூட்டுறதை இன்னொண்ணு கழிச்சிடும். யானையைத் தொங்கவிட்டாலும் ஜீரோதான். இந்த எட்டு ரீடிங் எங்கேருந்து வந்துச்சு?"

திட்டுவார் என்று நின்றேன். அவர் கதை சொன்னார். 1949, கலிபோர்னியா பாலைவனத்தில் ஒரு விமானப்படைத் தளம். தண்டவாளத்தில் ராக்கெட் வண்டியை ஓடவிட்டுச் சட்டென நிறுத்துவார்கள். மனித உடம்பு எவ்வளவு அதிர்ச்சியைத் தாங்கும் என்று அளக்க. எட்வர்ட் மர்ஃபி என்ற பொறியாளர் இருக்கைப் பெல்ட்டின் இழுவிசையை அளக்க ஸ்ட்ரெயின் கேஜ்களைக் கொண்டுவந்தார். வண்டி ஓடியது, நின்றது. ரீடிங் பூஜ்யம்! வயர்கள் தலைகீழாக இணைக்கப்பட்டிருந்தன. தப்பாகச் செய்ய வழியிருந்தால் யாராவது அப்படியே செய்வார்கள் என்ற பொருளில் அவர் எரிச்சலோடு சொன்னதுதான் இன்றைக்கு உலகம் முழுக்கத் தெரிந்த மர்ஃபி விதி.

"அவங்க பூஜ்யத்தைப் பூஜ்யம்னே எழுதினாங்க. அதனாலதான் தப்பு தெரிஞ்சுது" என்றார் சார். அந்த ஆராய்ச்சியை நடத்திய டாக்டர் ஜான் பால் ஸ்டாப் தானே வண்டியில் உட்கார்ந்தவர். 1954 டிசம்பர் 10 அன்று நியூ மெக்சிகோவில் மணிக்கு 1,017 கிலோமீட்டர் வேகம் போய், 1.4 வினாடியில் நின்றார். 46.2 ஜி! அந்த எண்களை நம்பித்தான் ஒரு மனிதன் அங்கே உட்கார்ந்திருந்தான்.

அன்றிலிருந்து நூலகத்தில் இதையே தேடினேன். நம் நாட்டில் 2010 ஏப்ரல் 15 அன்று ஜி.எஸ்.எல்.வி. டி-3 கடலில் விழுந்தது. காரணம் சொன்னவை தரைக்கு வந்து சேர்ந்த எண்கள்தான். கிரையோஜெனிக் எஞ்சினின் எரிபொருள் பூஸ்டர் பம்ப் நிமிடத்திற்கு 34,800 சுற்று வரை போய், பிறகு நின்றுபோனது என்று அவைதான் காட்டின. பிறகு நம் மகேந்திரகிரியில் சோதனைகள். மைனஸ் 253 டிகிரி திரவ ஹைட்ரஜன் ஓடும் குழாயில் உணரியைப் பொருத்தி ரீடிங் எடுப்பதும் எங்கள் பிரிவுக்காரர்கள் பார்க்கும் வேலை! 2014 ஜனவரி 5 அன்று டி-5 வெற்றி பெற்றது.

வீட்டில் எல்லாம் சொன்னேன், காப்பியடித்ததையும். அப்பா மண்டியில் மூட்டை தூக்குகிறவர். ராக்கெட்டைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "அப்போ தராசுல கைய வெச்சிருக்க" என்றார். சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் மாலை லேபைத் திறந்து தரச் சொல்லிக் கெஞ்சி, வயரை மாற்றி, முதலிலிருந்து எடுத்தேன். எட்டில் ஆறு புள்ளிகள் கோட்டில் உட்கார்ந்தன. இரண்டு உட்காரவில்லை. அவற்றையும் அப்படியே குறித்து நோட்டை நீட்டினேன். சார் அந்த இரண்டையும் சிவப்பு மையில் வட்டமிட்டு, "ஏன்?" என்று மட்டும் எழுதியிருக்கிறார். அந்த எடைக்கற்களைத்தான் இப்போது ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.